முறுக்கக் கூடாத துணிகள்

ஜிபாரின் தம்பி தொக்தோவுக்கு இன்னும் சிரிக்கத் தெரியாது. குப்புறப் படுக்கத் தெரியாது. ஆனால் அழுவதில் அவனை மிஞ்ச அந்த மலைக்கிராமத் தெருவிலேயே ஆள் கிடையாது. அவன் வாயைத் திறந்தால் போதும், வாசலில் படுத்திருக்கும் அக்தோஷ் நாய் எழுந்து ஆட்டுக்கொட்டிலுக்குப் போய்விடும்.

பாவம், அவன் சும்மா அழவில்லை. அவனுடைய குட்டிப் பின்புறம் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. ஈரத் துணியை அவிழ்த்தாலும் அழுதான், உலர்ந்த துணியைக் கட்டினாலும் அழுதான். அதிலும் உலர்ந்த துணியைக் கட்டும்போது இன்னும் பலமாக அழுதான். அதுதான் ஜிபாருக்குப் புரியவே இல்லை.

ஏனென்றால் அந்தத் துணிகளுக்கெல்லாம் பொறுப்பு அவள்தான்.

தம்பி பிறந்ததும் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "கொஞ்ச நாளைக்குக் குளிர்ந்த தண்ணியில கையே வைக்கக் கூடாது" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா நிலக்கரி லாரி ஓட்டுபவர். வாரத்தில் பாதி நாள் மலைப்பாதையில்தான் இருப்பார். ஊர்க் கடையில் டயப்பர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. பனி விழுந்து பாதை மூடிவிட்டால் கடைக்கு மாவே வராது, டயப்பருக்கு எங்கே போவது? அதனால் அம்மா ஒரு பழைய ஃபிளானல் போர்வையைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் தைத்து, இடுப்புத்துணி செய்து வைத்திருந்தார்.

"துணி எல்லாத்தையும் நான் பாத்துக்கறேம்மா" என்று ஐந்தாம் வகுப்பு ஜிபார்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். சொன்னபடி செய்யவும் செய்தாள்.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வருவாள். அடுப்பில் சுடவைப்பாள். தம்பிக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று சோப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போடுவாள். நுரை முழங்கை வரை ஏறும். அப்புறம் ஒரு வாளி தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்டக் கொடியில் போடுவாள். பிழிய மாட்டாள். அது பெரியம்மா போட்ட சட்டம்.

புருல் பெரியம்மா, அப்பாவுடைய அண்ணி. மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். நாய்க்குடில் மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். அவர் வரும்போது கூடவே சட்டங்களும் வந்து இறங்கும். பொழுது சாய்ந்த பிறகு குழந்தையின் துணி வெளியே கிடக்கக் கூடாது. துணியை யாரும் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று.

"துணிய முறுக்கிப் பிழியாதேடி. நீ துணிய முறுக்கினா புள்ளையோட வயிறும் முறுக்கிக்கும். அப்புறம் ராத்திரி பூரா கத்துவான்."

ஜிபார் அதைக் கேட்டதிலிருந்து துணிகளைப் பறவைக் குஞ்சு மாதிரி இரண்டு கையிலும் ஏந்தித்தான் கொடிக்கு எடுத்துப் போனாள். குளிர்காலம் தொடங்கிவிட்டதால் அவை கொடியிலேயே உறைந்து பலகை போல ஆகிவிடும். விரலால் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்கும். பொழுது சாய்வதற்குள் பலகைகளை அடுக்கி எடுத்து வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைப்பாள்.

அந்தச் சனிக்கிழமை பெரியம்மா வந்து தொக்தோவின் துணியை அவிழ்த்துப் பார்த்தார். பார்த்தவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"என்னம்மா இது, பீட்ரூட் மாதிரி ஆகிக் கெடக்கு! அடுத்த ஞாயித்துக்கிழமை புள்ளைக்கு நாப்பதாம் நாள் கழிக்கிறோம். நாப்பது கரண்டித் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டறப்ப ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் இதைத்தான் பாக்கப் போறாங்களா?"

"மருந்து தடவிக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா. ஆற மாட்டேங்குது" என்றார் அம்மா, மெதுவாக.

"ஆறாது. இந்தக் குளிர்ல ஆறாது. இப்படி இருந்தா தொட்டில்ல படுக்க வச்சுக்கூடக் கட்ட முடியாது. சொல்றதைக் கேளு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா உன்னையும் புள்ளையையும் நான் கூட்டிட்டுப் போயிடறேன். வசந்தம் வரைக்கும் எங்க வீட்ல இரு. குழாயத் திறந்தா சுடுதண்ணி வரும்."

"அப்ப நான்?" என்று கேட்டாள் ஜிபார்.

"உனக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல? நீ அப்பாகூட இரு, அவர் இல்லாத நாள்ல பக்கத்து வீட்ல படுத்துக்கோ. அவருக்குச் சூப் வச்சுக் குடு."

பெரியம்மா அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஜிபார் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். வசந்தம் வரைக்குமா! அதற்குள் தம்பி சிரிக்கக் கற்றுக்கொண்டுவிடுவான். அந்த முதல் சிரிப்பைப் பெரியம்மா பார்ப்பார். அவள் இங்கே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள்.

அன்று படுக்கப் போகும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தம்பிக்கு எது வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியாது. அப்படியானால் அதை அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை, நன்றாகக் காய்ந்த இடுப்புத்துணி ஒன்றை எடுத்து, மடித்து, கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மேலே கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

முதல் பாடம் முடிவதற்குள் கழுத்து உறுத்த ஆரம்பித்தது. மதியத்துக்குள் அரித்தது. உடற்பயிற்சி வகுப்பில் ஓடி வியர்த்ததும் எரியவே ஆரம்பித்துவிட்டது. "தம்பி இதைத்தான் நாள் பூரா கட்டிக்கிட்டு இருக்கானா?" என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவள் துணியை அவிழ்க்கவில்லை. அவனால் அவிழ்க்க முடியாதே.

வீடு திரும்பும்போது ஈரப் பனி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு எர்மெக்கும் கூட வந்தான். அவனும் அவளுடைய வகுப்புதான்.

"என்னடி கழுத்துல? புதுத் துண்டா?"

"இல்ல. தம்பியோட இடுப்புத்துணி."

எர்மெக் அப்படியே வேலிப் பக்கம் தாவினான். "ச்சீ! மூத்திரத்துணியையா கட்டிக்கிட்டு வந்திருக்கே? காலையிலேர்ந்து என் பக்கத்துலதானே உக்காந்திருந்தே!"

"தோய்ச்ச துணிதான்டா. ரொம்ப அலட்டிக்காதே."

"அப்ப சரி. இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே வா."

தள்ளியே நடந்தார்கள். பனி அவள் கழுத்தில் விழுந்து உருகியது. அரிப்புத் தாங்காமல் அவள் சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டுத் தேய்த்தாள். திடீரென்று எர்மெக் நின்றுவிட்டான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"ஏய் ஜிபார்! உனக்கு நுரை தள்ளுது!"

"என்ன?"

"கழுத்துல நுரை தள்ளுதுடி! பந்தயத்துல ஓடி வந்த குதிரைக்குத் தள்ளுமே, அந்த மாதிரி!"

ஜிபார் துணியை அவிழ்த்தாள். நனைந்த இடத்தை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். புசுபுசுவென்று வெள்ளை நுரை வந்தது. சோப்பு நுரை.

எர்மெக் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். ஒரே ஒரு வாளித் தண்ணீர். அதோடு பிழியவும் இல்லை. போட்ட சோப்பில் பாதி துணியிலேயே தங்கி, அங்கேயே உறைந்து, அங்கேயே காய்ந்திருக்கிறது. தம்பி துணியை நனைக்கும்போதெல்லாம் அந்தச் சோப்பு அவன் தோலை அரித்திருக்கிறது.

"என் தம்பிய அழ வச்சது நான்தான்டா" என்றாள்.

எர்மெக்கின் சிரிப்பு நின்றுபோனது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்தான். "நீ வேணும்னா செஞ்சே? அவன் நல்லா இருக்கணும்னுதானே சோப்பை அள்ளிப் போட்டே" என்றான். பிறகு, தள்ளி நடந்தவன் பக்கத்திலேயே வந்து நடந்தான்.

வீட்டுக்குள் போனதும் ஜிபார் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, தம்பி புண்ணுக்கு நான்தான் காரணம்."

எல்லாவற்றையும் சொல்லிக் கழுத்தைக் காட்டினாள். அம்மா திட்டவில்லை. அவளை அடுப்புப் பக்கம் இழுத்து, ஆட்டுவால் கொழுப்பை எடுத்துச் சிவந்த இடத்தில் இதமாகத் தடவிவிட்டார்.

"தப்பு என் மேலயும் இருக்குடா கண்ணு. எங்கம்மா வீட்லயும் புள்ளத்துணிய முறுக்க மாட்டாங்க. ஆனா ஓடையில போட்டு நாலஞ்சு தடவை அலசுவாங்க. ஓடைத் தண்ணி தானா சோப்பை இழுத்துக்கிட்டுப் போயிடும். அதை உங்கிட்ட நான் சொல்லவே இல்ல பாரு. நாளைக்கு நானே போய் அலசிட்டு வரேன்."

"ஓடை ஓரமெல்லாம் உறைஞ்சு கெடக்கும்மா. டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா?"

"அப்ப வேற வழி? பிழியாம வாளியில எத்தனை தடவை முக்கினாலும் இந்த ஃபிளானல் சோப்பை விடாது. பிழிஞ்சுட வேண்டியதுதான்."

பிழிவதா? ஜிபாருக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. பெரியம்மா சொன்னது உண்மையோ பொய்யோ, யார் கண்டது? ஏற்கெனவே அவனுக்குப் பின்புறம் எரிகிறது. வயிற்றையும் முறுக்கிவிட்டால் அவன் கதி என்ன ஆவது?

தொக்தோ சிணுங்கினான். அவன் படுத்திருந்த கம்பளி விரிப்பைப் பார்த்தபடியே அவள் யோசித்தாள். சிவப்பில் கறுப்பு ஆட்டுக்கொம்பு வடிவம் போட்ட தடித்த விரிப்பு. அவன் பிறக்கப் போகிறான் என்று கோடையில் தெருவே கூடிச் செய்தது. நாணல் பாயில் ஆட்டு ரோமத்தைப் பரப்பி, சோப்பும் சுடுதண்ணீரும் ஊற்றி, பாயோடு சுருட்டிக் கயிறு கட்டி, ரோமம் ஒன்றோடொன்று இறுகி விரிப்பாகும் வரை பிள்ளைகள் எல்லோரும் தெருவில் உதைத்து உருட்டினார்கள். ஜிபாரின் காலணிக்குள்கூடத் தண்ணீர் போனது.

தண்ணீர் போனது! சுருட்டிய பாயிலிருந்து எவ்வளவு தண்ணீர் வந்தது!

"அம்மா! கம்பளி விரிப்பை யாராவது முறுக்குவாங்களா?"

"விரிப்பையா? அதை எப்படிடி முறுக்கறது?"

"உருட்டத்தானே செய்வோம்? உருட்டினாலே தண்ணி எல்லாம் வெளிய வந்துடுமே?"

அம்மா முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி மகளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் நாணல் பாய் வைத்திருந்த அறையின் சாவியைத் தேடினார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வேலை தொடங்கியது. ஜிபார் நாணல் பாயைச் சுடுதண்ணீரில் கழுவி விரித்தாள். அதன் மேல் இடுப்புத்துணிகளை வரிசையாகப் பரப்பினாள். அம்மா கெட்டிலில் தண்ணீர் சுடவைத்துக் கொடுக்க, அதை மேலே ஊற்றினாள். எர்மெக் பாயைச் சுருட்டி, மண் படாமல் வெளியே சுத்தமான சாக்கைச் சுற்றி, கயிறு கட்டினான். "மூத்திரத்துணிய உருட்டப் போறோம், வாங்க வாங்க!" என்று அவன் போட்ட கூப்பாட்டில் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

எர்மெக் முன்னால் கயிறு பிடித்து இழுக்க, மற்றவர்கள் பின்னாலிருந்து உதைத்தார்கள். பாய் உருண்டது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பிதுங்கி வழிந்தது. அக்தோஷ் அதை மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டே கூட ஓடியது. திரும்பி வந்து பாயைப் பிரித்தார்கள், சோப்பில்லாத தண்ணீர் ஊற்றினார்கள், மறுபடி சுருட்டினார்கள். மறுபடியும் நுரை.

"உன் தம்பி துணியிலயா இவ்வளவு சோப்பு? ஒரு யானையக் குளிப்பாட்டலாம் போலிருக்கே!" என்றான் எர்மெக்.

"பேசாம இழுடா."

அப்போதுதான் அந்தச் சின்ன வெள்ளைக் கார் தெருமுனையில் திரும்பியது. விருந்துக்கு மாவும் மிட்டாயும் கொண்டுவந்த பெரியம்மா, தெரு முழுக்க நுரையைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"என்னடி நடக்குது இங்க? புது விரிப்பா?"

"இல்ல பெரியம்மா. தம்பியோட துணி" என்றாள் ஜிபார்.

"துணியா! புள்ளத்துணியத் தெருவுல போட்டு உதைக்கறீங்களா? நான் என்ன சொன்னேன்?"

"முறுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நாங்க முறுக்கலயே. உருட்டறோம்." ஜிபார் எல்லாவற்றையும் சொன்னாள். சோப்பு தங்கியது, கழுத்தில் நுரை வந்தது, ஒன்று விடாமல் சொன்னாள். சட்டைக் கழுத்தை இறக்கிச் சிவந்த இடத்தையும் காட்டினாள். "உருட்டக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா பெரியம்மா? இருந்தா விட்டுடறோம்."

பெரியம்மா இடுப்பில் கையை வைத்தார். தலைக்குள் இருந்த சட்டங்களை எல்லாம் அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. தாண்டக் கூடாது என்று இருந்தது. வெளியே விடக் கூடாது என்று இருந்தது. உருட்டக் கூடாது என்று மட்டும் எங்கேயும் இல்லை.

அவர் குனிந்து ஜிபாரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "நாள் பூராவா கட்டியிருந்தே? பைத்தியக்காரி" என்றார். உடனே எர்மெக் பக்கம் திரும்பினார்.

"டேய், கயிறை இப்படியா புடிப்பாங்க? ஆட்டை இழுக்கற மாதிரி இழுக்கறே! குடு இப்படி. நீங்க எல்லாரும் நடுவுல உதைங்கடா, ஓரத்துல இல்ல!"

அப்புறம் உருண்டது பாருங்கள் பாய்! பெரியம்மா இழுத்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பிள்ளைகள் மூச்சு வாங்கினார்கள். தண்ணீர் ஊற்றி ஊற்றி உருட்டியதில், கடைசியில் பாயிலிருந்து தெளிந்த தண்ணீர் மட்டும் வந்தது. துணிகள் பாதி காய்ந்த மாதிரி லேசாக இருந்தன. வீட்டு அடுப்பின் நிலக்கரிப் புகை படாத பக்கமாகக் கொடியில் போட்டார்கள். அன்று அவை பலகையாக உறையவில்லை. காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. பொழுது சாய்வதற்குள் ஜிபார் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட்டாள்.

அன்று மாலை உலர்ந்த துணியைக் கட்டியபோது தொக்தோ வழக்கம்போல வாயைத் திறந்தான். ஆனால் கொட்டாவிதான் விட்டான்.

அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பாய் உருண்டது. ஜிபார் சோப்பை நகத்தளவுதான் போட்டாள். கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியையும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். தம்பியின் தோல் மெல்ல மெல்ல வெளுத்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுக்க ஆறிவிடுமா? பெரியம்மா தான் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறவில்லையே! சனிக்கிழமை அவளுக்குத் தூக்கமே சரியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள். அப்பா வாசலில் தேநீர்த் தண்ணீர் காயும் சமோவாரை ஊதிக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தார். அடுப்படியில் எண்ணெயில் பொரிந்த மாவுருண்டைகள் மலையாகக் குவிந்தன. பெரியம்மா ஊதாநிற வெல்வெட் மேலங்கி போட்டுக்கொண்டு, நடு அறையில் குளியல் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் தொக்தோ. கரண்டி தயாராக இருந்தது.

பெரியம்மா துணியை அவிழ்த்தார். எல்லாப் பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ஜிபார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அடடா! வெண்ணெய் மாதிரி இருக்கானே!" என்று யாரோ சொன்னார்கள்.

ஜிபார் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். பெரியம்மா தொக்தோவை அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அவிழ்த்த துணியின் உலர்ந்த ஓரத்தை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஜிபார் செய்வது போலவே.

"இவன் எங்கயும் வர வேண்டாம். இவனுக்கு இங்கயே ஆள் இருக்கு" என்றார், பொதுவாக எல்லோரிடமும்.

அம்மா கூட்டத்துக்கு நடுவே ஜிபாரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் தொக்தோ கால்களை உதறினான். அக்காவை நேராகப் பார்த்தான். வாயைக் கோணலாக்கி, பொக்கை ஈறு தெரியச் சிரித்தான்.

"அம்மா, சிரிக்கிறான்! என்னைப் பாத்துச் சிரிக்கிறான்!"

ஏன் சிரித்தான் என்பது அடுத்த நொடி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஊதாநிற வெல்வெட்டில் ஒரு பெரிய ஈரத் திட்டு பரவிக்கொண்டிருந்தது.

அறையே குலுங்கிச் சிரித்தது. கரண்டி கைக்குக் கை மாறியது, நாற்பது தடவை தண்ணீர் ஊற்றினார்கள், வாழ்த்தினார்கள். நாற்பதாம் நாள் வழக்கப்படி அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிய துண்டுத்துணிகளால் தைத்த புதுச் சட்டையைத் தம்பிக்குப் போட்டார்கள். அவன் பிறந்ததிலிருந்து போட்டிருந்த பழைய சட்டையில் மிட்டாயை முடிந்து அக்தோஷின் கழுத்தில் கட்டிவிட்டார்கள். நாய் ஓட, மிட்டாயைப் பறிக்க எர்மெக்கும் பிள்ளைகளும் கூச்சலோடு துரத்தினார்கள்.

ஜிபாரும் ஓடப் போனாள். யாரோ பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்தார்கள். பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். மேலங்கியைக் கழற்றி இரண்டு கையிலும் பறவைக் குஞ்சு மாதிரி ஏந்தியிருந்தார்.

"இந்தாடி" என்றார். "சோப்பை நகத்தளவு போடு. அப்புறம் உருட்டு. முறுக்கித் தொலைச்சிடாதே, எனக்கு வயித்தை வலிக்கப் போகுது!"